பூனைக்குள் இருந்த எலி

1966ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் துறையில் ஆய்வு மாணவராகப் புதிதாகச் சேர்ந்திருந்தார் ஆலன் கே. கொலராடோவில் கணிதமும் உயிரியலும் படித்துவிட்டு வந்தவர், ஜாஸ் கிதார் வாசிப்பவர். அவருக்கு ஒதுக்கிய மேஜையில் காந்த நாடாச் சுருள்களும் ஒரு காகிதக் கட்டும் கிடந்தன. கூடவே ஒரு சீட்டு. யூனிவாக் 1108 கம்ப்யூட்டருக்கான அல்கால் மொழி இது, ஓடவில்லை, ஓட வைக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. யாரும் தொட விரும்பாத வேலையைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். கே கட்டைப் பிரித்தார். ஒரு வரியும் பிடிபடவில்லை.

கூட வந்த விளக்கக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஆனால் நார்வேக்காரர்கள் தங்கள் மொழியில் யோசித்து எழுதிய ஆங்கிலம் அது. கடைசியில் கே இன்னொரு மாணவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, புரோகிராம் அச்சிட்டிருந்த காகிதத்தைத் துறையின் நடைவழியில் உருட்டிவிட்டார். 80 அடி நீளத்துக்கு அது ஓடியது. இருவரும் தரையில் தவழ்ந்துகொண்டே, ஒரு முனையில் கண்டதை மறுமுனைக்குக் கத்திச் சொல்லி, வரி வரியாக வாசித்தார்கள். அது அல்காலே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓஸ்லோ நகரில், நார்வே கணிப்பு மையத்தில் ஒலே-யோகன் டால், கிறிஸ்டன் நீகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா அது. தொழிற்சாலையில் சரக்கு நகர்வது, வரிசையில் ஆள் நிற்பது போன்றவற்றைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்கச் செய்த மொழி. அதில் ஒவ்வொரு உருப்படியும் தன் விவரத்தையும் தன் வேலையையும் தன்னிடமே வைத்திருந்தது. மற்ற மொழிகளில் விவரம் ஒரு பக்கமும் வேலை இன்னொரு பக்கமுமாகக் கிடக்கும். உயிரியல் படித்த கே-யின் மனசில் உயிரணுக்கள் வந்து நின்றன. ஒவ்வோர் அணுவும் தன்னளவில் முழுசு, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியே ஓர் உடம்பு நடக்கிறது. புரோகிராமையும் அப்படி எழுதினால் என்ன? ஐம்பது சொச்சம் ஆண்டு கழித்து சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்து வெள்ளக்கடை வரை வந்து சேரப்போகும் ஒன்றின் முதல் முளை, அந்த நடைவழியில் விட்டதுதான்.

முளை விட்டதே தவிர, அது யாருக்காக வளர வேண்டும் என்று கே-க்குத் தெரியவில்லை. 1968இல் அதற்கும் விடை கிடைத்தது. கணித அறிஞர் சேமூர் பேப்பர்ட், லோகோ என்ற மொழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் போனார் கே. அறை அறையாக அடைத்து நின்ற இயந்திரங்களை இயக்கப் பெரியவர்களே திணறிய காலம். அங்கேயோ குழந்தைகள் தாங்களாகவே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். புத்தகம்போல் கையில் எடுத்துப் போகக்கூடிய, குழந்தைகளுக்கான ஒரு கம்ப்யூட்டரை அன்றிலிருந்து கே காகிதத்தில் வரைய ஆரம்பித்தார். டைனாபுக் என்று பேரும் வைத்தார். காகிதத்தைத் தாண்டி அது வருவதற்கான தொழில்நுட்பம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

நகல் இயந்திரத்தில் கொழித்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் நிறுவனம், 1970இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓர் ஆராய்ச்சி மையத்தைத் திறந்தது. பார்க் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கே அங்கே போய்ச் சேர்ந்தார். 1972இல் ஒருநாள் பார்க்கின் நடைவழியில் டான் இங்கல்ஸ், டெட் கேலர் என்ற சகாக்களுடன் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு வலிமையான மொழியாக இருந்தாலும் ஒரே பக்கத்தில் அதன் இலக்கணத்தை எழுதிவிடலாம் என்று கே வாய்விட்டார். சரி, எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம் என்றார்கள் இருவரும்.

வாய்ச்சொல்லை மெய்யாக்க சுமார் இரண்டு வாரம் பிடித்தது. தினமும் விடிகாலை 4 மணிக்கு மையத்துக்குப் போய் 8 மணி வரை உட்கார்ந்தார் கே. எட்டு மணிக்குச் சகாக்கள் வந்து அன்றைய முயற்சியில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் மறுபடியும் நான்கு மணி. கடைசியில் அந்த ஒரு பக்கம் நின்றது. காகிதத்தில் பந்தயத்தை ஜெயித்த திருப்தியோடு கே அதை வைத்துவிட்டார். இங்கல்ஸ் வைக்கவில்லை.

யாரும் சொல்லாமலே இங்கல்ஸ் அந்தப் பக்கத்தை எடுத்து, நோவா என்ற சிறு கம்ப்யூட்டரில் பேசிக் மொழியில் ஓடும்படி எழுதினார். 1972 அக்டோபரில் அதனிடம் 3 + 4 என்று கேட்டார்கள். மெல்ல, ரொம்ப மெல்ல, 7 என்று பதில் வந்தது. ஸ்மால்டாக் என்ற மொழி முதன்முதலாக வாய் திறந்த தருணம் அது. எண் 3 என்பது ஓர் உருப்படி. அதனிடம் போய் நான்கைக் கூட்டிக்கொள் என்று செய்தி அனுப்பினால் அதுவே கூட்டி விடை சொல்லும். எண், எழுத்து, படம், திரையில் தெரியும் கட்டம் என்று எல்லாமே உருப்படிதான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்று பொருள்நோக்கு நிரலாக்கம் என்று சொல்வதை முழுமையாகச் செய்து காட்டிய மொழி இதுதான்.

அடுத்த ஆண்டே பார்க்கில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் பிறந்தது. திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் ஒருவருக்கென்றே. அதில் ஸ்மால்டாக்கை ஏற்றி, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். கே-யின் குழுவைச் சேர்ந்த அடீல் கோல்ட்பர்க் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். 12 வயதுச் சிறுமி ஒருத்தி சொந்தமாகப் படம் வரையும் புரோகிராம் எழுதினாள். ஒன்றன் மேல் ஒன்று கவிந்து நிற்கும் ஜன்னல்கள், தொட்டால் விரியும் மெனு என்று இன்று எல்லாத் திரையிலும் இருப்பவை அந்த அறையில் உருவாயின. ஆறேழு ஆண்டுகளாக இவை பெரும்பாலும் அந்த மையத்தின் சுவருக்குள்ளேயே இருந்தன. 1979 டிசம்பரில் வெளியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது.

வந்தவர் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், தன் ஆட்களுடன். ஜெராக்ஸ் ஆப்பிளில் பங்கு வாங்கியிருந்தது. அதற்குப் பதிலாக மையத்தின் வித்தைகளைக் காட்டச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. இது குடும்பச் சொத்தைத் தூக்கிக் கொடுக்கிற வேலை என்று அடீல் கோல்ட்பர்க் மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. காட்டும்போது, திரையில் எழுத்துகள் வரி வரியாகத் தாவி நகர்வது தனக்குப் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு நகர முடியுமா என்று ஜாப்ஸ் கேட்டார். இங்கல்ஸ் ஓடிக்கொண்டிருந்த ஸ்மால்டாக்கை நிறுத்தவில்லை. அதற்குள்ளேயே உரிய வரிகளைத் தேடி எடுத்து, அங்கேயே மாற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுத்து வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. வந்திருந்த புரோகிராமர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆப்பிள் அந்தத் திரையின் அழகை மனசில் வாங்கிக்கொண்டு போய் லிசா, மெக்கின்டாஷ் என்று கம்ப்யூட்டர்கள் செய்தது. இந்தப் பகுதியை எல்லோரும் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் இருந்த ஸ்மால்டாக் என்ன ஆயிற்று என்று சொல்பவர்கள் குறைவு. இந்தக் கதை போவது அந்தப் பக்கம்.

ஜெராக்ஸ் அதை வெளியே கொண்டுவரத் தீர்மானித்தது. ஆப்பிள், ஹியூலெட்-பேக்கார்ட், டெக்ட்ரானிக்ஸ், டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கு ஸ்மால்டாக்-80ஐ ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி கொடுத்தது. 1981 ஆகஸ்டில் பைட் பத்திரிகை ஓர் இதழையே அதற்கு ஒதுக்கியது. அட்டையில் வண்ண வண்ணமாய் ஒரு பலூன், தீவிலிருந்து மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. 1983இல் கோல்ட்பர்க்கும் டேவிட் ராப்சனும் எழுதிய பெரிய புத்தகம் வந்தது. நீல அட்டை என்பதால் நீலப் புத்தகம் என்றே பேர் பெற்றது. மொழியை மட்டும் அது விளக்கவில்லை. அதை ஓட்டும் உள் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஸ்மால்டாக்கிலேயே எழுதி அச்சிட்டிருந்தார்கள். அந்தக் கடைசி அத்தியாயங்கள் அன்று பலருக்கும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து அவைதான் கதையைக் காப்பாற்றின.

பலூன் கிளம்பியதே தவிர ஏழை வீட்டு முற்றத்தில் இறங்கவில்லை. ஸ்மால்டாக் விற்பனைச் சரக்கானது. 1988இல் பார்க்பிளேஸ் என்ற கம்பெனி அதற்கென்றே உருவாயிற்று. பெரிய வங்கிகளும் தொழிற்சாலைகளும்தான் வாங்க முடிந்தது. குழந்தைகளுக்காகப் பிறந்த மொழி குழந்தைகளுக்கு எட்டாத விலைக்குப் போனது.

அதைப் பெற்றவர்களும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். கே அடாரிக்குப் போய், 1984இல் ஆப்பிளுக்கு வந்தார். இங்கல்ஸும் ஆப்பிளுக்கு வந்தவர்தான், ஆனால் பாதியில் கம்ப்யூட்டரையே விட்டுவிட்டார். வர்ஜீனியா மாநிலத்து மலைகளில், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அவர் குடும்பத்துக்குப் பெரிய தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதை நிர்வகிக்கப் போனார். அறை வாடகையும் விருந்தினர் கவனிப்புமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. உலகத்தின் மிக நேர்த்தியான மொழிகளில் ஒன்றை ஓட வைத்தவர் மலையில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தார். அவர் அங்கேயே இருந்திருந்தால் மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

திரும்பி வந்தார். 1995இன் கடைசியில் ஆப்பிளில் பழைய கூட்டம் மறுபடி கூடியது. கே, இங்கல்ஸ், கேலர், இவர்களோடு ஸ்காட் வாலஸ், ஜான் மலோனி. பிள்ளைகளுக்கான பாட மென்பொருள் செய்ய வேண்டும், அதைப் பிள்ளைகளே பிரித்து மாற்றவும் முடிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எந்த மொழியில் செய்வது? அப்போதுதான் ஜாவா பெரிய ஆரவாரத்தோடு வந்திருந்தது. அது இன்னும் பக்குவப்படவில்லை என்று இவர்களுக்குப் பட்டது. விலைக்கு விற்ற ஸ்மால்டாக்குகளிலோ உள் இயந்திரத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. பிறர் வீட்டில் குடியிருந்துகொண்டு சுவரை இடிக்க முடியாது. அப்போது யாருக்கோ அலமாரி நினைவுக்கு வந்தது.

ஜெராக்ஸ் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த அந்தப் பழைய ஸ்மால்டாக்-80 ஆப்பிளிலேயே ஒரு மூலையில் கிடந்தது. மெக்கின்டாஷில் ஓடும்படி ஒருகாலத்தில் மாற்றியும் வைத்திருந்தார்கள். பழசுதான், கறுப்பு வெள்ளைதான், ஆனால் உயிர் இருந்தது. ஸ்மால்டாக்கில் இமேஜ் என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் அத்தனை உருப்படிகளையும், திறந்து கிடக்கும் ஜன்னல், பாதியில் நிற்கும் வரி உட்பட, இருந்த நிலையில் அப்படியே ஒரே கோப்பாகச் சேமிப்பார்கள். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பார்க் நாட்களில் எழுதிய பகுதிகள் அந்தக் கோப்பில் இன்னும் உயிரோடு இருந்தன. அதை எழுப்ப வேண்டும், எந்தக் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போனாலும் ஓடும்படி செய்ய வேண்டும். இடையில் நின்ற சிக்கல் ஒன்றே ஒன்று, ஆனால் மலையளவு.

இமேஜை ஓட்டும் உள் இயந்திரத்தை ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். வழக்கமாக அதைச் சி மொழியில் எழுதுவார்கள். சியில் ஒரு பிழை வந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பிராணன் போய்விடும். இந்தக் கூட்டத்துக்கோ ஸ்மால்டாக்கில்தான் கை ஓடும். அப்படியானால் ஸ்மால்டாக்கை ஓட்டும் இயந்திரத்தை ஸ்மால்டாக்கிலேயே எழுதிவிடலாமே என்று முடிவு செய்தார்கள். தன் தோள்மேல் தானே ஏறுகிற வித்தை. கேட்டவர்களுக்கு இது நடக்கிற காரியமாகத் தோன்றியிருக்காது.

இங்கல்ஸ் நீலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். உள் இயந்திரம் முழுவதும் அதன் கடைசி அத்தியாயங்களில் ஸ்மால்டாக்கிலேயே அச்சாகிக் கிடந்ததே, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து திருத்தினார். பழைய ஸ்மால்டாக்குக்குள் அந்தப் புதிய இயந்திரம் ஒரு நாடகம்போல ஓடியது. நத்தை வேகம்தான். ஆனால் பிழை வந்தால் ஓடும்போதே நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, திருத்திவிட்டுத் தொடர முடிந்தது. அடுத்த வேலை ஜான் மலோனியுடையது. ஸ்மால்டாக்கில் எழுதிய இயந்திரத்தை வரி வரியாகச் சி மொழிக்கு மாற்றித் தரும் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை அவர் செய்தார். அந்தக் கருவியும் ஸ்மால்டாக்கில்தான். கேலர், பழைய இமேஜின் உருப்படிகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்துப் புதிய அமைப்புக்கு இடம் மாற்றும் கருவியைப் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் பொத்தானை அழுத்தினார்கள். ஸ்மால்டாக் இயந்திரம் சி மொழியாக மாறி வெளியே வந்தது. அதை மெக்கின்டாஷில் ஏற்றி ஓட்டினால், நாடகமாக ஓடியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகம். இனி பழைய வீடு வேண்டாம். புதியதற்குள் உட்கார்ந்தே புதியதைத் திருத்தி, புதிய இயந்திரத்தை வார்த்துக்கொள்ளலாம். சில மாத வேலை. ஸ்க்வீக் என்று பேர் வைத்து, ஓர் எலியை அதன் சின்னமாக்கினார்கள். எலி கையில் இருந்தது. வளை இடிந்துகொண்டிருந்தது.

1996 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதத்தில் ஆப்பிளின் நஷ்டம் 74 கோடி டாலர். ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. கம்பெனி தாக்குப்பிடிக்குமா என்று பத்திரிகைகள் எழுதின. பணம் தராத ஆராய்ச்சிக் கூடங்களின் மேல்தான் இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் கத்தி விழும். கே-யின் குழு டிஸ்னிக்குப் போகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு கம்பெனியின் ஆட்கள் வெளியேறினால் அவர்கள் எழுதியது கம்பெனியிடமே தங்கும். அலமாரியில் இன்னொரு கோப்பாக ஸ்க்வீக்கும் தூசி படிந்திருக்கும். ஜெராக்ஸில் ஒருமுறை இதைப் பார்த்தவர்கள் அவர்கள், இரண்டாம் முறை பார்க்கத் தயாராக இல்லை.

1996 செப்டம்பரில் ஸ்க்வீக் முழுவதும் இணையத்தில் வெளியானது. மொழி, இமேஜ், உள் இயந்திரம், அதைச் சி மொழிக்கு மாற்றும் கருவி, எல்லாமே. காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆப்பிள் அனுமதித்தது. அந்த அனுமதி சில மாதம் தள்ளிப் போயிருந்தால் கேட்பதற்குக் குழுவும் இருந்திருக்காது. குழு டிஸ்னிக்குப் போனது. ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பிய பிறகு, 1997இல் அந்த ஆராய்ச்சிப் பிரிவே மூடப்பட்டது. என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய அதிர்ஷ்டம் அந்தச் செப்டம்பர்தான்.

வெளியிட்டபோது ஸ்க்வீக் ஓடியது மெக்கின்டாஷில் மட்டும். உலகத்தில் பெரும்பாலானவர்கள் வைத்திருந்ததோ வேறு கம்ப்யூட்டர். ஆனால் சில வாரங்களுக்குள் இயன் பியூமார்ட்டா என்பவர் அதை யூனிக்ஸுக்குக் கொண்டுபோனார். ஜெர்மனியில் ஆண்டிரியாஸ் ராப் விண்டோஸுக்குக் கொண்டுபோனார். யாரும் சம்பளம் கொடுத்துச் சொன்ன வேலையில்லை. சி மொழி இருக்கும் எந்த இயந்திரத்துக்கும் அந்த எலி நுழைய முடிந்தது. மெக்கின்டாஷில் சேமித்த இமேஜ் கோப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் விண்டோஸில் திறந்தால் ஜன்னல்கள் வைத்த இடத்திலேயே நின்றன.

டிஸ்னியில் குழு அதன்மேல் ஈடாய்ஸ் என்ற ஒன்றைக் கட்டியது. பிள்ளை திரையில் ஒரு கார் வரையும். முன்னே போ, திரும்பு என்று எழுதிய சிறு ஓடுகளை எடுத்து அடுக்கினால் கார் நகரும். பிறகு தனியாக ஒரு ஸ்டீயரிங் சக்கரம் வரைந்து, சக்கரம் எவ்வளவு திரும்புகிறதோ அந்த எண்ணைக் காரின் திருப்பத்தோடு இணைத்தால், சக்கரத்தைச் சுழற்றக் கார் வளைந்து ஓடும். மாறி என்றால் என்ன என்பது அந்தக் கணத்தில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். எந்தக் கரும்பலகையாலும் அவ்வளவு சீக்கிரம் புரியவைக்க முடியாது. 2001இல் டிஸ்னியோடும் உறவு முடிந்தது. இந்த முறை யாரும் பதறவில்லை, எலி ஏற்கெனவே வெளியே இருந்தது. ஆனால் அதன் காலில் ஒரு கயிறு இருந்ததை மெல்லத்தான் கவனித்தார்கள்.

1996இல் ஆப்பிள் எழுதிய உரிமப் பத்திரத்தில் சில சங்கடமான வரிகள் இருந்தன. ஆப்பிளின் எழுத்துருக்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. ஏற்றுமதித் தடைகள். ஆப்பிள் மேல் வழக்கு வந்தால் பொறுப்பு, எடுத்துப் பயன்படுத்தியவர் தலையில். கட்டற்ற மென்பொருள் என்பதற்குக் கறாரான இலக்கணம் வைத்திருந்த டெபியன் லினக்ஸ் குழு இதை ஏற்க மறுத்தது. காசில்லாமல் கிடைத்தது, முழு விடுதலை கிடைக்கவில்லை. பத்தாண்டு இப்படியே ஓடியது.

கயிற்றை அறுத்தது ஒரு மலிவு விலை மடிக்கணினித் திட்டம். ஏழை நாட்டுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி என்று நிகோலஸ் நெக்ரோபான்டி கிளம்பிய நேரம். இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, மறு ஆண்டு மகாராஷ்டிரத்தில் கைராட் என்ற குக்கிராமத்துப் பள்ளிக்கு அந்தப் பச்சை வெள்ளை மடிக்கணினிகள் வந்தன. அந்த மடிக்கணினியில் ஈடாய்ஸ் இடம்பெற வேண்டும், ஆனால் கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் உள்ளே போகலாம். கேட்டதும் ஆப்பிள் இறங்கி வந்தது. 2006இல் தன் பங்கை, தங்குதடையற்ற அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றிக்கொடுத்தது. மீதியிருந்தது ஆப்பிளுக்குப் பிறகு பத்தாண்டில் உலகமெங்கும் இருந்து நூற்றுக்கணக்கானோர் எழுதிச் சேர்த்த பகுதி. ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து ஒப்புதல் கையெழுத்து வாங்கினார்கள். கிடைக்காதவர்களின் வரிகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். 2010இல் ஸ்க்வீக் 4.0 வந்தபோது கயிறு முழுதாக அறுந்திருந்தது.

இதற்கிடையில் ஜான் மலோனி என்ன ஆனார்? மொழிபெயர்ப்புக் கருவி செய்த அதே மலோனி பாஸ்டன் பக்கம் போய், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் சேர்ந்திருந்தார். அங்கே மிட்செல் ரெஸ்னிக் குழு, பிள்ளைகளுக்கான ஒரு புதிய புரோகிராம் மொழியை 2003 முதல் உருவாக்கிக்கொண்டிருந்தது. லோகோவைக் கொடுத்த பேப்பர்ட்டின் வழி வந்தவர் ரெஸ்னிக். ஈடாய்ஸின் ஓடுகளை வைத்திருந்தவர் மலோனி. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் புரோகிராம். பொருந்தாத கட்டை ஒட்டாது, அதனால் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. விண்டோஸிலும் ஓட வேண்டும், மெக்கின்டாஷிலும் ஓட வேண்டும். எதில் எழுதுவது என்று மலோனி யோசிக்கவே தேவையிருக்கவில்லை. 2007 மே மாதம் அது உலகத்துக்கு வெளியானது. திரையில் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை நின்றது.

ஸ்கிராட்ச்.

அந்தப் பூனையின் வயிற்றில் எலி இருந்தது. ஸ்கிராட்ச் 1.4இல் மேலே இருக்கும் பெயர்ச் சின்னத்தில் ஆர் எழுத்தின் வளையத்துக்குள் குறியை வைத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கினால், யாருக்கும் தெரியாத ஒரு மெனு விரியும். அதில் முழுத்திரையை விலக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் பூனையின் மேடை ஒரு பக்கமாகச் சுருங்கும். பின்னால் ஸ்க்வீக்கின் வெற்று முற்றம் தெரியும். அங்கே சொடுக்கினால் இங்கல்ஸும் கேலரும் பார்க்கில் பழகிய அதே வகை மெனுக்கள் எழுந்து வரும். இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் உள்ளே புகுந்து, புதுக் கட்டைகள் சேர்த்து, தங்கள் சொந்த ஸ்கிராட்ச்களை உலாவ விட்டார்கள். அப்படி ஸ்கிராட்ச்சை விரித்துச் செய்ததிலிருந்து வந்ததுதான் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்று கற்பிக்கும் ஸ்நாப் மொழி. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் 2012இல் வந்தபோதும் அதில் இதே 1.4 பதிப்பு ஏறியிருந்தது.

2013இல் வந்த இரண்டாம் பதிப்பில் எலியை வெளியே எடுத்துவிட்டு, இணைய உலாவியில் ஓடும்படி பூனையை வேறு மொழியில் திரும்ப எழுதினார்கள். 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்ட். கட்டைகளின் பேச்சு மட்டும் மாறவில்லை. பூனையிடம் பத்து அடி நகர் என்று சொல்வதும், 3 என்ற எண்ணிடம் நான்கைக் கூட்டிக்கொள் என்று சொல்வதும் ஒரே வம்சம்.

அதே 2019இல் தமிழ்நாட்டில் புதிய பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் தாண்டி 23ஆம் அலகுக்கு வந்தால் அங்கே ஸ்கிராட்ச் பாடம். மேடை, ஸ்பிரைட், ஸ்கிரிப்ட் எடிட்டர் என்று அதன் பகுதிகளைப் படித்து, பொதுத் தேர்வுக்குத் தயாராக வேண்டும். சென்னைப் பிள்ளைக்கும் அதே புத்தகம்தான், 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த இந்தச் சேர்வராயன் மலையில், மிளகும் காபியும் விளையும் வெள்ளக்கடைப் பிள்ளைக்கும் அதே புத்தகம்தான். அரசுப் பள்ளியில் அந்தப் புத்தகத்துக்கும் விலை இல்லை, பாடத்தில் வரும் மென்பொருளுக்கும் விலை இல்லை. பாடத்துக்காக எந்தக் கம்பெனியிடமும் உரிமம் வாங்க வேண்டியிருக்கவில்லை. 1988இன் விலையிலேயே ஸ்மால்டாக் நின்றிருந்தால் மலோனிக்குக் கையில் அகப்பட்டிருக்காது, பூனையும் வேறு ஏதோ வடிவில், வேறு ஏதோ காலத்தில்தான் வந்திருக்கும்.

மலை ஊர்களில் இணையம் எல்லா நாளும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஸ்கிராட்ச்சை ஒருமுறை இறக்கிப் பள்ளிக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். புதிய பதிப்பைத் தாங்காத பழைய இயந்திரம் என்றால், எலி உள்ளே இருக்கும் அந்த 1.4 பதிப்பு இருக்கிறது. மலையில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இந்த அலகைப் புத்தகத்தில் மட்டும் நடத்தி முடிக்காமல், ஒரு நாளாவது பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். 1973இல் பாலோ ஆல்டோவில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது இவர்களுக்கும் கிடைக்க வேண்டியதுதான்.

ஸ்க்வீக் நிற்கவில்லை. அதன் 6.0 பதிப்பு 2022இல் வந்தது. விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது, இப்போதும் இலவசம்.